மரமேறிய தவளைகள்: ஓர் எளிய அறிமுகம்

தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மழைக்காலத்தில் குளியலறைச் சுவரிலோ சமையலறை மூலையிலோ ஒட்டிக்கொண்டிருக்கும் மெலிந்த பழுப்புத் தவளையைப் பலர் பார்த்திருப்பார்கள். பகல் முழுவதும் கால்களை உடலோடு சேர்த்து மடக்கிக்கொண்டு அசையாமல் கிடந்து, இருட்டிய பிறகு விளக்கடியில் கூடும் பூச்சிகளைத் தேடிக் கிளம்பும் அது, இந்திய மரத்தவளை. பனாமா, கோஸ்டா ரிக்கா போன்ற மத்திய அமெரிக்க நாடுகளின் மழைக்காடுகளில் செங்கண் மரத்தவளை என்றொன்று உண்டு. இலைப்பச்சை முதுகும், நீலமும் மஞ்சளும் பட்டையிட்ட விலாவும், செம்மஞ்சள் விரல்களும், குருதிச் சிவப்பான கண்களும் கொண்டது. நீண்ட கால்கள், ஒடுங்கிய இடை, முன்னோக்கிய பெரிய கண்கள், வட்டத் தட்டாக விரிந்த விரல்நுனி என இரண்டின் உடலமைப்பும் ஒத்திருப்பதால், இவற்றை அருகருகே வைத்துப் பார்ப்பவர் நெருங்கிய உறவினர் என்றே முடிவு செய்வார். மரபணு ஆய்வுகள் வேறு கதையைச் சொல்கின்றன. நம் சுவரிலிருக்கும் தவளை, வயலில் கத்துகின்ற பெரிய தவளைக்கே நெருங்கிய சொந்தம். செங்கண் மரத்தவளையோ, தோட்டத்தில் தத்தித் திரியும் சொறித்தவளைக்கு நெருங்கிய சொந்தம். இவ்விரு கிளைகளும் பத்துக் கோடி ஆண்டுகளுக்கும் முன்பே பிரிந்துவிட்டன.

ஆகவே மரத்தவளை என்பது ஒரு குடும்பத்தின் பெயராக இல்லாமல், பல குடும்பங்கள் தனித்தனியாக மேற்கொண்ட ஒரு வாழ்முறையின் பெயராகவே இருக்கிறது. தொடர்பற்ற உயிரினங்கள் ஒரே வகைச் சூழலில் வாழ நேர்கையில் ஒரே வகை உடலமைப்பை அடைவதை உயிரியலில் குவி பரிணாமம் என்பார்கள். அதற்கு வழக்கமாகச் சுறாவையும் ஓங்கில் எனப்படும் டால்பினையும் எடுத்துக்காட்டுவார்கள். மரத்தவளைகள் அதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு என்பது என் எண்ணம். ஏனெனில் இங்கு ஒரே விடை இரண்டு முறை மட்டுமன்றிப் பல கண்டங்களில் பல முறை கண்டடையப்பட்டிருக்கிறது.

உலகில் இதுவரை விவரிக்கப்பட்டுள்ள தவளை, தேரை இனங்கள் 7,000-க்கும் அதிகம். அவற்றுள் மரத்தில் வாழ்பவை சில பெரிய குடும்பங்களில் அடங்கும். அமெரிக்கக் கண்டங்கள், ஆஸ்திரேலியா, நியூகினி, ஐரோப்பா, கிழக்காசியா ஆகிய பகுதிகளில் ஹைலிடே குடும்பமும் அதன் கிளைகளும் ஏறத்தாழ 1,000 இனங்களோடு பரவியுள்ளன. இந்தியாவில் இக்குடும்பம் வடகிழக்கு மலைகளை மட்டுமே எட்டிப் பார்க்கிறது. தெற்காசியாவிலும் தென்கிழக்காசியாவிலும் மரக்கிளைகளைப் பிடித்துக்கொண்டது ரேகோஃபோரிடே குடும்பம். இதில் 400-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன, சில ஆப்பிரிக்காவிலும் வாழ்கின்றன. ஆப்பிரிக்காவின் நாணல் தவளைகள், மடகாஸ்கரின் பூஃபிஸ் தவளைகள், மத்திய, தென் அமெரிக்க மலைக்காடுகளின் கண்ணாடித் தவளைகள் ஆகியவை வேறு வேறு குடும்பங்கள். கீழே சொல்லப்போகும் அழகும் விந்தையும், மரத்தில் வாழ்வதற்கு ஒவ்வொரு குடும்பமும் கொடுத்த விலையிலிருந்தே பிறந்தவை.

விரல்நுனியின் வேலை

வீட்டுக்குள் வந்த தவளை மரத்தவளையா என்று அறிய நிறத்தைப் பார்ப்பதில் பயனில்லை. விரல்நுனியைப் பார்க்க வேண்டும். நுனி தட்டையாக, வட்டமாக விரிந்திருந்தால் அது பெரும்பாலும் ஏறும் தவளை.

அந்தத் தட்டின் அடிப்பரப்பை நுண்ணோக்கியில் வைத்தால், பெரும்பாலும் அறுகோண வடிவில் அமைந்த செல்கள் வரிசையாகத் தெரியும். ஒவ்வொரு செல்லும் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அகலமே உடையது. பக்கத்துச் செல்களிலிருந்து ஒரு நுண்ணிய வாய்க்காலால் பிரிக்கப்பட்டிருக்கும். இந்த வாய்க்கால்களில் கோழைநீர் சுரக்கிறது. தட்டை ஓர் இலையின் மீது அழுத்தும்போது மிகுதியான நீர் வாய்க்கால்கள் வழியே வடிந்துவிட, மிக மெல்லிய நீர்ப்படலம் மட்டும் இடையில் எஞ்சுகிறது. அப்படலத்தின் பரப்பு இழுவிசைதான் தட்டை இலையோடு பிணைக்கிறது. செல்களின் மேற்பரப்பில் இன்னும் நுண்ணிய தூண் போன்ற மேடுகள் உண்டு. அவை படலத்தையும் தாண்டி இலையைத் தொடும்போது உராய்வு கூடி, வழுக்கலைத் தடுக்கிறது. பல்லியின் பாதம் உலர்ந்த மயிரிழைகளால் பிடிக்கிறது. மரத்தவளையின் பாதம் ஈரத்தால் பிடிக்கிறது.

ஈரப் பிடிப்பில் ஒரு சிக்கல் உண்டு. நேராக இழுத்தால் கழற்ற முடியாத தட்டு, ஓரத்திலிருந்து உரித்தால் எளிதில் கழன்றுவிடும். நடக்கும்போது தவளை இதைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டு, தட்டைப் பின்புறத்திலிருந்து உரித்தெடுத்து அடுத்த அடி வைக்கிறது. ஆனால் தலைகீழாகத் தொங்க நேரும்போது அதே இயல்பு ஆபத்தாகிறது. அவ்வேளையில் தவளை கால்களைப் பக்கவாட்டில் அகல விரித்துக்கொள்வதை ஆய்வுக்கூடத்தில் சுழலும் பலகைகளின் மேல் வைத்துப் பார்த்திருக்கிறார்கள்; கால் விரிந்தால் தட்டு பரப்போடு கொள்ளும் கோணம் சிறிதாகி, உரிந்துவிடாமல் நிற்கிறது. தூசி படிந்தால் பிடிப்புக் குறையும் என்பதால், அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் பாதம் சற்றே இழுபட்டு, புதிதாகச் சுரக்கும் கோழைநீரால் தன்னைத்தானே கழுவிக்கொள்கிறது. விரலின் கடைசி எலும்புக்கும் அதற்கு முந்தியதற்கும் இடையில் கூடுதலாக ஒரு குருத்தெலும்புத் துண்டு உண்டு. அதனால் விரல் எப்படி வளைந்தாலும் தட்டு மட்டும் பரப்போடு படிந்தே இருக்கும். தொடர்பற்ற பல குடும்பங்களிலும் இதே கூடுதல் துண்டு தோன்றியிருப்பதைப் பார்க்கும்போதுதான் குவி பரிணாமத்தின் வலு விளங்குகிறது.

ஏறியவற்றுள் சில, இறங்குவதற்கும் ஒரு வழி கண்டன. 1855-ஆம் ஆண்டில் போர்னியோ தீவின் சரவாக் பகுதியில் தங்கியிருந்த ஆங்கில இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸிடம், உயர்ந்த மரத்திலிருந்து சாய்வாகப் பறந்து இறங்கியதாகச் சொல்லி ஒரு சீனத் தொழிலாளி ஒரு தவளையைக் கொண்டுவந்து கொடுத்தார். விரல்களுக்கிடையே முழுவதுமாக விரிந்த சவ்வைக் கொண்ட அத்தவளை, இன்று வாலஸின் பறக்கும் தவளை என்றே அழைக்கப்படுகிறது. அது உண்மையில் பறப்பதில்லை. நான்கு பாதங்களையும் விரித்துக் காற்றில் சறுக்கி, 15 மீட்டர் தொலைவு வரை செல்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மலபார் பறக்கும் தவளையும், ஆனைமலைக் காடுகளிலிருந்து 2000-ஆம் ஆண்டில் புதிய இனமாக விவரிக்கப்பட்ட ஆனைமலைப் பறக்கும் தவளையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. பசிபிக் கடலுக்கு அப்பால், மத்திய அமெரிக்காவின் ஹைலிடே தவளைகளிலும் சில இதே போன்ற சவ்வுப் பாதங்களோடு சறுக்குகின்றன.

உலரும் தோல்

தவளை வாயால் நீர் குடிப்பதில்லை. அடிவயிற்றுத் தோல் வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உள்ளே செல்ல இடம் கொடுக்கும் அதே தோல், வெளியேறவும் இடம் கொடுத்துவிடுகிறது. குளக்கரையில் இது பெரிய தொல்லையன்று. காற்று வீசும் மரக்கிளையில் இதுவே உயிர்ச்சிக்கல்.

தென் அமெரிக்காவின் கிரான் சாக்கோ என்னும் வறண்ட நிலத்தில் வாழும் மெழுகுக் குரங்குத் தவளை இதற்கு ஓர் அருமையான தீர்வு வைத்திருக்கிறது. அதன் தோலிலுள்ள சுரப்பிகள் மெழுகைப் போன்ற கொழுப்புப் பொருளைக் கசியவிடுகின்றன. தவளை முன்கால்களாலும் பின்கால்களாலும் முதுகு, தலை, வயிறு, தொடை என உடல் முழுவதும் அதைத் தேய்த்துப் பூசிக்கொள்கிறது. பூசி முடித்த பின் வெயிலில் கிளையைப் பற்றிக்கொண்டு அசையாமல் அமர்ந்துவிடும். நம் இந்திய மரத்தவளையும் கொழுப்பும் கோழையும் கலந்த சுரப்பை இவ்வாறே உடலெங்கும் துடைத்துக்கொள்வதை 1997-இல் வெளியான ஓர் ஆய்வு விவரித்தது. வீட்டுச் சுவரில் அது பகலைக் கழிக்க முடிவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆப்பிரிக்காவின் சாம்பல் நுரைக்கூட்டுத் தவளை வெயில் ஏறும்போது ஏறத்தாழ வெள்ளையாக மாறி ஒளியைத் திருப்பியனுப்புகிறது. அதோடு, கழிவை மிகுந்த நீரோடு யூரியாவாக வெளியேற்றாமல், பறவைகளையும் ஊர்வனவற்றையும் போல யூரிக் அமிலமாக வெளியேற்றி நீரைச் சேமிக்கிறது. மெழுகுக் குரங்குத் தவளையும் அப்படியே.

குளிர் நாடுகளில் சிக்கல் வேறு விதமானது. வட அமெரிக்காவின் சாம்பல் மரத்தவளை பனிக்காலத்தில் உதிர்ந்த இலைகளுக்கடியில் ஒடுங்கும்போது, அதன் உடல்நீரில் ஒரு பகுதி உறைந்தே போகிறது. இதயம் நிற்கிறது. செல்களுக்குள் உறைபனி புகாதபடி கிளிசெரால் போன்ற பொருள்கள் காக்கின்றன. வசந்தத்தில் உருகியதும் தவளை எழுந்து செல்கிறது.

முட்டைக்கு இடம்

மரத்தவளைகளின் வாழ்வில் எனக்கு மிகவும் வியப்பூட்டுவது இப்பகுதிதான். படங்களில் மயக்கும் நிறங்களைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். முட்டையிடும் முறைகளில் இருக்கும் புதுமை அந்த அளவுக்குக் கவனம் பெறவில்லை.

பெரும்பாலான தவளைகள் முட்டையைக் குளத்தில் இட்டுவிட்டுப் போய்விடுகின்றன. ஆனால் குளத்தில் மீன்களும் நீர்ப்பூச்சிகளும் பிற தலைப்பிரட்டைகளும் காத்திருக்கின்றன. மரமேறத் தெரிந்த தவளைக்கு வேறு வாய்ப்பு இருக்கிறது: குளத்துக்கு மேல் சாய்ந்திருக்கும் இலையில் முட்டையிட்டால், பொரியும் தலைப்பிரட்டைகள் நேரே நீரில் விழும். செங்கண் மரத்தவளை இதைத்தான் செய்கிறது. பெண் தவளை ஆணை முதுகில் சுமந்தபடி முதலில் குளத்தில் இறங்கி, சிறுநீர்ப்பையை நீரால் நிரப்பிக்கொள்கிறது. பின் மேலேறி, இலையில் முட்டைக்கொத்தை இட்டு, அந்நீரால் அதன் கூழை உப்பச் செய்கிறது. அடுத்த கொத்துக்கு முன் மீண்டும் குளத்துக்கு இறங்கவேண்டும்.

இலையில் மீனில்லை, ஆனால் பாம்பு உண்டு, குளவி உண்டு. தொல்லையில்லாமல் விடப்பட்ட முட்டைகள் ஆறேழு நாட்களில் பொரிகின்றன. பூனைக்கண் பாம்பு ஒன்று முட்டைக்கொத்தைக் கடிக்கத் தொடங்கினால், நான்கைந்து நாளே ஆன கருக்களும் சில நொடிகளில் கூழைக் கிழித்துக்கொண்டு வெளியேறி நீரில் குதித்துவிடுகின்றன. கேரன் வார்கென்டின் என்னும் உயிரியலாளர் 1995-இல் இதை வெளியிட்டபோது, முட்டைக்குள் இருக்கும் கரு தன் பிறந்தநாளைத் தானே முடிவு செய்கிறது என்பது பலருக்கும் புதிய செய்தியாக இருந்தது. பின்னர் அவருடைய குழு பாம்புக் கடியின் அதிர்வையும் மழைத்துளியின் அதிர்வையும் பதிவுசெய்து, முட்டைகளுக்கு மீண்டும் செலுத்திப் பார்த்தது. மழையதிர்வுக்குக் கருக்கள் பெரிதாக அசைந்துகொடுக்கவில்லை. பாம்பின் அதிர்வுக்குப் பொரிந்து ஓடின. அதிர்வின் நீளத்தையும் இடைவெளியையும் கொண்டு அவை வேறுபாட்டை அறிகின்றன. குளவி வந்து ஒரு முட்டையைத் தூக்கும்போது கொத்து முழுவதும் கலைவதில்லை. தாக்கப்பட்டதும் அதன் அண்டை முட்டைகளுமே பொரிகின்றன. இதற்கு ஒரு விலையும் உண்டு. முன்கூட்டிக் குதித்தவை சிறியவையாக இருப்பதால், கீழே நீரில் இரையாகும் வாய்ப்பு அவற்றுக்கு அதிகம். அதனால்தான் ஆபத்து இல்லாதபோது அவை காத்திருக்கின்றன.

ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் ரேகோஃபோரிடே குடும்பத்தின் பல இனங்கள் நுரைக்கூடு கட்டுகின்றன. பெண் தவளை முட்டைகளோடு ஒரு திரவத்தையும் வெளியிட்டு, முட்டையின் வெள்ளைக்கருவைக் கரண்டியால் அடிப்பதுபோல் பின்கால்களால் அதை அடித்து நுரையாக்குகிறது. நுரையின் வெளிப்பக்கம் காய்ந்து மேலோடாக இறுகிவிட, உட்பக்கம் ஈரமாகவே இருக்கும்; கருக்களுக்கு வேண்டிய காற்றும் குமிழிகளில் இருக்கிறது. சில நாட்களில் கூட்டின் அடிப்பகுதி இளகி, தலைப்பிரட்டைகள் கீழேயுள்ள நீரில் சொட்டுகின்றன. மலபார் பறக்கும் தவளை தன் கூட்டைச் சுற்றி இலைகளையும் இழுத்து ஒட்டிக்கொள்கிறது. ஆப்பிரிக்காவின் சாம்பல் நுரைக்கூட்டுத் தவளையில் ஒரு பெண்ணோடு பல ஆண்கள் சேர்ந்து நுரையை அடிக்கின்றன. நடுவில் உடல் உலர்ந்துபோகும் பெண், வேலையை நிறுத்திவிட்டுக் குளத்துக்குச் சென்று நீர் உறிஞ்சித் திரும்பிவந்து தொடர்கிறது. நம் ஊர்களில் சிமெண்ட் தொட்டியின் உட்சுவரில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலே காணும் வெண்ணிற நுரைக்கட்டி, இந்திய மரத்தவளையின் இதே வகைக் கூடுதான். சோப்பு நுரை என்று நினைத்து அதைக் கழுவிவிடுகிறவர்கள் உண்டு.

குளமே வேண்டாம் என்று முடிவெடுத்த தவளைகள் இதைவிடத் துணிந்தவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் புதர்த்தவளைகளான ராவோர்கெஸ்டெஸ் பேரினத்தில் 60-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. பெரும்பாலானவை இரண்டு மூன்று சென்டிமீட்டர் நீளமே உடையவை. இவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவம் வெளியில் இல்லை. முட்டைக்குள்ளேயே உருமாற்றம் முடிந்து, அரிசிமணி அளவில் கைகால்களோடு கூடிய குட்டித் தவளையே வெளிவருகிறது. இலங்கையில் இதன் உறவான சூடோஃபிலாட்டஸ் பேரினம் 70-க்கும் மேற்பட்ட இனங்களாகப் பெருகியுள்ளது. அங்கு பெரும்பாலான இனங்களின் பெண் தவளைகள் மரத்திலிருந்து இறங்கி, காட்டுத் தரையில் சிறு குழி தோண்டி முட்டையிட்டு மூடுகின்றன. ஒரு சில இனங்கள் மட்டும் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டுகின்றன. ஒரு சிறு தீவில் இத்தனை இனங்கள் எவ்வாறு தோன்றின என்ற கேள்விக்கு இந்த நேரடி வளர்ச்சியும் விடையின் ஒரு பகுதி என்று கருதப்படுகிறது. குளத்தையோ ஓடையையோ நம்பியிராத தவளை, ஈரமான எந்த மலைச்சரிவிலும் குடியேறலாம்; அடுத்த மலையோடு தொடர்பு அறுந்தால், காலப்போக்கில் தனி இனமாகவும் ஆகலாம்.

திருநெல்வேலிக்கு மேற்கே களக்காடு முண்டந்துறைக் காடுகளில் இதே புதர்த்தவளைகளுள் ஒன்று இன்னும் விந்தையான இடத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது. 1876-இல் விவரிக்கப்பட்டு, அதன்பின் நூறாண்டுகளுக்கு மேல் யார் கண்ணிலும் படாமல், 2011-இல் மீண்டும் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்ட வெண்புள்ளிப் புதர்த்தவளை அது. சிறு மூங்கில் வகை ஒன்றின் தண்டில், பூச்சிகளோ எலிகளோ ஏற்படுத்திய சில மில்லிமீட்டர் அகலமே உள்ள பிளவு வழியாக உடலை நெருக்கி உள்ளே நுழைந்து, கணுக்களுக்கிடையிலுள்ள வெற்றறையில் அது முட்டையிடுகிறது. ஆண் உள்ளேயே தங்கிக் காவல் காக்கிறது. பிளவு தண்டின் அடிப்பக்கத்தில் இருக்கவேண்டும். மேலே இருந்தால் மழைநீர் நிறைந்துவிடும். மூங்கிலை வெட்டும் பருவம் முட்டைக்காலத்தோடு மோதினால் ஒரு தலைமுறையே அழிந்துபோகலாம்.

மரப்பொந்தில் தேங்கிய நீரில் வளரும் தலைப்பிரட்டைகளுக்கு உணவு கிடைப்பது கடினம். வடகிழக்கு இந்தியாவின் ஜெர்டன் மரத்தவளை, 1870-க்குப் பின் காணப்படாமல் இருந்து 2016-இல் மீண்டும் கண்டறியப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. அதன் தாய், பொந்துக்குத் திரும்பி வந்து கருவுறாத முட்டைகளை இட்டுத் தன் தலைப்பிரட்டைகளுக்கு உணவூட்டுகிறது. ஆண்டிஸ் மலைத்தொடரின் பைத்தவளைகள் இன்னும் ஒரு படி மேலே சென்று, முதுகுத்தோலில் உள்ள பையிலேயே முட்டைகளைச் சுமக்கின்றன. சில இனங்களில் தலைப்பிரட்டைகளும், சிலவற்றில் முழு வளர்ச்சி பெற்ற குட்டித் தவளைகளும் அப்பையிலிருந்து வெளிவருகின்றன. கண்ணாடித் தவளைகள் பலவற்றில், ஓடைக்கு மேலுள்ள இலையில் முட்டைகளைக் காப்பது தந்தையின் பொறுப்பு.

பச்சை எங்கிருந்து வருகிறது

பெரும்பாலான பச்சைத் தவளைகளின் தோலில் பச்சை நிறமி கிடையாது. தோலின் மேல் அடுக்கில் மஞ்சள் நிறமிச் செல்கள் இருக்கும். நடு அடுக்கிலுள்ள நுண்படிகங்கள் நீல ஒளியைத் திருப்பியனுப்பும். அடியிலுள்ள கருநிறமி மீதி ஒளியை விழுங்கிவிடும். நீலம் மஞ்சளைக் கடந்து வரும்போது பச்சையாகத் தெரிகிறது. ஆஸ்திரேலியாவின் தடித்த, சாதுவான பச்சை மரத்தவளைக்கு 1790-இல் இட்ட அறிவியல் பெயரில் நீலம் என்ற பொருள் இருப்பதற்குக் காரணம், அன்று பதப்படுத்திய திரவத்தில் மஞ்சள் நிறமி கரைந்துபோய் மாதிரியுடல் நீலமாகிவிட்டது என்பதே. இதற்கு விதிவிலக்கும் உண்டு. தோல் ஒளி ஊடுருவும் வகையில் இருக்கும் பல மரத்தவளைகள், பித்தப் பச்சையான பிலிவெர்டின் என்னும் கழிவுப்பொருளை ஒரு புரதத்தோடு பிணைத்து உடல்நீர்களில் நிறைத்துக்கொண்டு பச்சையாகின்றன. இந்த வழிமுறை 2020-இல்தான் விளக்கப்பட்டது. மற்ற முதுகெலும்பிகளில் பிலிவெர்டின் இந்த அளவுக்குக் கூடினால் நோய் என்று கொள்ளப்படும்.

கண்ணாடித் தவளையின் அடிவயிறு வழியே இதயமும் குடலும் தெரியும் என்பது பலரும் அறிந்ததே. ஆனால் ஒரு கேள்வி நெடுநாள் விடையின்றி இருந்தது: தோலும் தசையும் தெளிவாக இருந்தாலும், சிவப்பு இரத்தம் ஓடும் வரை ஓர் உயிரினம் எவ்வாறு ஒளியூடுருவ முடியும்? 2022-இல் வெளியான ஆய்வொன்று இதற்கு விடை தந்தது. பகலில் இலையில் தூங்கும்போது இத்தவளை தன் சிவப்பணுக்களில் ஏறத்தாழ 89 விழுக்காட்டை இரத்த ஓட்டத்திலிருந்து எடுத்துக் கல்லீரலில் அடைத்துவைக்கிறது. கல்லீரலைச் சுற்றியுள்ள ஒளித்திருப்பும் உறை அச்சிவப்பை மறைத்துவிடுகிறது. உடலின் தெளிவு இரண்டு மூன்று மடங்கு கூடுகிறது. விழித்து நடமாடும்போது அணுக்கள் மீண்டும் ஓட்டத்தில் கலக்கின்றன. அவ்வளவு நெருக்கமாக அடைக்கப்பட்ட இரத்தம் ஏன் உறைந்து கட்டியாவதில்லை என்பது மருத்துவத் துறையினரையும் ஈர்த்துள்ள கேள்வி.

செங்கண் மரத்தவளையின் படங்களில் ஒரு சிறு ஏமாற்று இருக்கிறது. கண்கள் அகலத் திறந்து, கால்கள் விரிந்து, எல்லா நிறங்களும் ஒருசேரத் தெரியும் அக்கோலம், அத்தவளையின் பகல்நேரத் தோற்றமன்று. பகலில் அது கால்களை விலாவோடு ஒட்டி மடக்கி, பொன்னிற வலைப்பின்னல் போன்ற இமைச்சவ்வைச் சிவந்த கண்மேல் இழுத்துக்கொண்டு, இலையின் அடியில் ஒரு பச்சை மேடாக மட்டும் கிடக்கும். பறவையோ பாம்போ தொட்டுவிட்டால் திடீரெனக் கண்ணைத் திறந்து நிறங்களைக் காட்டித் தாவும்போது, எதிரி ஒரு கணம் திகைக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். வியட்நாமின் பாசித் தவளைக்கு அப்படித் திறந்து காட்ட எதுவும் இல்லை. பாசி படிந்த பாறையைப் போலவே முண்டும் முடிச்சுமான தோலோடு பிறந்த அது, தொட்டால் உருண்டு அசையாமல் கிடந்துவிடுகிறது.

இருட்டில் குரல்

இரவில் நிறம் அதிகம் உதவாது. ஆண் தவளை தொண்டைப் பையை ஊதிக் கத்துகிறது. பெண் கேட்டுத் தேர்ந்தெடுக்கிறது. வட அமெரிக்காவின் சாம்பல் மரத்தவளை என்று சொல்லப்படுபவை உண்மையில் இரண்டு இனங்கள். கண்ணால் பிரித்தறிய முடியாத அளவு ஒத்திருந்தாலும், ஒன்றுக்கு மற்றதைப் போல் இரண்டு மடங்கு குரோமோசோம்கள் உண்டு. குரலின் அதிர்வு வேகத்தைக் கொண்டே பெண்கள் தம் இனத்தாரை அறிகின்றன. போர்ட்டோ ரிக்கோவின் கோக்கீ என்னும் சிறு மரவாழ் தவளை எழுப்பும் இரண்டு அசைக் குரலில், ‘கோ’ என்பது போட்டி ஆண்களுக்கு, ‘கீ’ என்பது பெண்களுக்கு. இருபாலாரின் செவியும் வெவ்வேறு அசைக்கே கூர்மையாக இருக்கிறது.

போர்னியோவின் மரப்பொந்துத் தவளை தன் வீட்டையே இசைக்கருவியாக்குகிறது. பொந்தில் தேங்கிய நீரின் அளவுக்கேற்ப ஒத்ததிர்வின் சுருதி மாறும். தவளை பல சுருதிகளில் கத்திப் பார்த்து, பொந்து ஒத்து ஒலிக்கும் சுருதியைப் பிடித்துக்கொண்டு நீண்ட நேரம் அதிலேயே நிற்கிறது. செயற்கைப் பொந்தில் நீரைச் சிறிது சிறிதாக வடித்தபோது தவளையும் சுருதியை மாற்றிக்கொண்டே வந்தது என்று 2002-இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். தைவானில் ஒரு சிறு மரத்தவளை கான்கிரீட் மழைநீர் வாய்க்கால்களுக்குள் அமர்ந்து கத்துவதும், அங்கிருந்து எழும் குரல் மேலும் உரத்து நீள்வதும் 2014-இல் வெளியாயின. நகரமும் சில தவளைகளுக்குப் பொந்தாகத்தான் தெரிகிறது போலும்.

எவை எஞ்சும்

உலகின் நீர்நில வாழ்வனவற்றில் ஐந்தில் இரண்டு பங்கு அழிவின் விளிம்பை நோக்கிச் செல்வதாக 2023-இல் வெளியான உலகளாவிய மதிப்பீடு கூறுகிறது. காடழிப்பும் வெப்ப உயர்வும் எல்லா உயிரினங்களுக்கும் பொதுவான இடர்கள். தவளைகளுக்கென்றே வந்தது கைட்ரிட் பூஞ்சை. 1998-இல் அடையாளம் காணப்பட்ட இது, தவளை நீரும் உப்பும் பெறும் தோலையே தாக்கி, உடலின் உப்புச் சமநிலையைக் குலைத்து இதயத்தை நிறுத்துகிறது. 2019-இல் வெளியான கணக்கின்படி குறைந்தது 501 இனங்கள் இதனால் சரிந்துள்ளன. அவற்றுள் 90 அழிந்துவிட்டதாகக் கருதப்படுகின்றன. பனாமாவின் மலைக்காட்டில் வாழ்ந்த ராப் மரத்தவளை, அகன்ற சவ்வுப் பாதங்களால் காற்றில் சறுக்கக்கூடியது. அதன் ஆண் மரப்பொந்து நீரில் உடலை இறக்கி, தலைப்பிரட்டைகள் தன் தோலைச் சுரண்டித் தின்ன இடம் கொடுக்கும். 2008-இல்தான் அதற்கு அறிவியல் பெயர் கிடைத்தது. பூஞ்சை அதற்கு முன்பே அக்காட்டை எட்டிவிட்டது. அறியப்பட்ட கடைசித் தவளை அமெரிக்காவின் அட்லாண்டா தாவரவியல் பூங்காவில் 2016 செப்டம்பரில் இறந்தது.

இலங்கையின் சூடோஃபிலாட்டஸ் இனங்களில் பதினைந்துக்கும் மேற்பட்டவை அருங்காட்சியகக் குப்பிகளில் மட்டுமே எஞ்சியுள்ளன. அங்கு முதற்காரணம் நோயன்று. ஈரக் காடுகள் தோட்டங்களாக மாறியதே. இருந்தும், அழிந்ததாகப் பதிவான ஓர் இனம், முதலில் விவரிக்கப்பட்டு ஒன்றரை நூற்றாண்டு கழித்து, 2009-இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் காணப்பட்டது.

அழகே சில இனங்களுக்கு இடராகிறது. செங்கண் மரத்தவளையும் கண்ணாடித் தவளைகளும் செல்லப்பிராணிச் சந்தையில் விலைபோகின்றன. அழிந்துவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தை ஒழுங்குபடுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் செங்கண் மரத்தவளையின் பேரினம் 2010-இல் சேர்க்கப்பட்டது. கண்ணாடித் தவளைக் குடும்பம் முழுவதும் 2022 நவம்பரில் பனாமா நகரில் கூடிய மாநாட்டில் சேர்க்கப்பட்டது. இதன்படி, காட்டிலிருந்து பிடிக்கப்பட்டதாயினும் பண்ணையில் வளர்க்கப்பட்டதாயினும், ஏற்றுமதி செய்யும் நாட்டின் அனுமதிச் சீட்டு இல்லாமல் அவற்றை எல்லை கடத்தி விற்க முடியாது.